பாப்பா மாவு

இரண்டாம் தடவை ரொட்டியை இறக்கி முடித்ததும் அடுப்புக்காரர் கை கழுவப் போகமாட்டார். ஓரப் பலகையில் ஈரத்துணி போட்டு மூடியிருக்கும் ஒரு கைப்பிடி மாவை எடுத்துப் பார்ப்பார். விரலால் அமுக்குவார், கொஞ்சம் யோசிப்பார், மறுபடியும் மூடி வைப்பார். அந்த மாவுக்குக் கடையில் பாப்பா மாவு என்று பெயர். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. முதலாளியே தொட்டாலும் அவருக்கு முகம் கடுகடுத்துவிடும்.

மதியத்துக்கு மேல் அடுப்பு இளைப்பாறுகிற நேரத்தில் பாப்பா வருவாள். பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை. கல்லூரி முடித்து, கணக்கில் முதலாவதாக வந்து, வாத்தியார்களையே கேள்வி கேட்டுத் திணறடித்தவள். பெற்றவர்களுக்குப் பாப்பா, அவர்களைப் பார்த்து அந்தத் தெருவுக்கும் பாப்பா. சின்ன வயதிலேயே பிடித்துக்கொண்ட தசை நோய். ஒரு கையில் ஊன்றுகோல், தோளில் குறுக்காக ஒரு பை, சுவரை ஒட்டியே நடை. வந்ததும் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, மடியில் ஒரு பலகை வைத்து அந்த மாவைப் பிசைவாள். அழுத்துவாள், உருட்டுவாள், நீட்டுவாள், திரும்பவும் உருண்டை ஆக்குவாள். கைக்குப் பயிற்சி. ரப்பர்ப் பந்தை அமுக்கச் சொன்ன டாக்டரிடம், பந்தை அமுக்கி என்ன கிடைக்கும், மாவை அமுக்கினால் வாசமாவது கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வந்தவர் அடுப்புக்காரர்.

அவர் எதிரே நின்று, ரொட்டி ஒட்டிப் பிடித்த தகர அச்சுகளைச் சுரண்டிக்கொண்டிருப்பார். ஓரக்கண் மட்டும் மகளின் விரல்களில் இருக்கும்.

"நேத்தைவிட இன்னிக்குத் தேவலை பாப்பா. விரல் நல்லாப் பதியுது."

"தினமும் இதையேதான் சொல்றீங்க."

"தினமும் தேறினா தினமும்தான் சொல்லணும்."

அவருக்குக் கூட்டாளியாக மாவு போடுகிறவருக்கு உப்பண்ணன் என்று பெயர். என்றோ ஒருநாள் ஒரு முழுத் தொட்டி மாவுக்கு உப்புப் போட மறந்துபோனார். சப்பென்ற ரொட்டியை வீடு வீடாகத் தின்ற ஊர், அதற்குக் கூலியாக இந்தப் பெயரைக் கொடுத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அவரும் கூப்பிட்டால் ஏன் என்று கேட்கப் பழகிவிட்டார். ஒருநாள் அச்சு ஒன்றுக்கு மாவு பற்றாமல், அவசரத்தில் பாப்பா மாவை எடுத்து அடைத்துவிட்டார். அடுப்பில் அது எழும்பவில்லை. அச்சைத் தாண்டி வழிந்து, தட்டில் பரவி, கருகிப்போனது.

"என்னண்ணே இது, மாவா கூழா? இவ்வளவு தண்ணியா ஊத்துவாங்க?" என்றார்.

"உப்புப் போட மறந்தவனெல்லாம் தண்ணிக்குக் கணக்குக் கேக்க வந்துட்டான். போய் வேலையைப் பாருய்யா."

அடுப்புக்காரர் அப்படிச் சீறியதை உப்பண்ணன் அதற்கு முன் பார்த்ததில்லை. சரி, வயதாகிறது, அடுப்புச் சூடு தலைக்கு ஏறிவிட்டது என்று விட்டுவிட்டார்.

இந்த நிலைமையில்தான் பாப்பாவுக்குக் கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. படிப்புச் செலவு அவர்களுடையது. தங்க அறையும் அவர்களே தருகிறார்கள். செய்தி வந்த அன்று அம்மா கையிலிருந்த ஊசியைக் கீழே போட்டுவிட்டுத் தேட மறந்தாள். அவள் தையல்கடைச் சட்டைகளில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிறவள். தெருவில் காஜாக்காரி என்றால் தெரியும். வீட்டின் முன்னறை முழுக்கப் பட்டன் இல்லாத சட்டைகள் அடுக்கியிருக்கும். அன்று பூராவும் வந்து போனவர்கள் அந்தச் சட்டைகளை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கணக்குப் படிக்கக் கை எதுக்கு, மூளை போதும் என்றார் ஒருவர். குளிர் தாங்குமா என்றாள் ஒருத்தி. எல்லாம் சரி, அங்கே இவளுக்குத் தலை வாரிவிடுவது யார் என்று கேட்டாள் அடுத்த வீட்டுக்காரி. கேள்வி என்றால் அதுதான் கேள்வி.

தலை வார, குளிக்க, வகுப்பில் வேகமாக எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி வேண்டும். அதற்கு இருந்தது பாப்பாவின் ஊனமுற்றோர் பென்ஷன் ஒன்றுதான். அது கூடவே வந்தால் அவள் போகலாம். வராவிட்டால் இடம் கிடைத்தும் பிரயோசனம் இல்லை.

மூவரும் பென்ஷன் அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரியம்மா நல்ல மாதிரி. பாப்பாவுக்கு இடம் கிடைத்ததைக் கேட்டு எழுந்து வந்து கை கொடுத்தாள். பிறகு உட்கார்ந்து விதியைச் சொன்னாள். வெளிநாட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வரலாம், அதற்குத் தடை இல்லை. அதற்கு மேல் தங்கினால் பென்ஷன் நின்றுவிடும். இனி ஒருபோதும் தேறாது என்று மருத்துவக் குழு சொன்னவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்கள் எங்கே போனாலும் பென்ஷன் பின்னாலேயே போகும்.

"அப்ப இவளுக்கு அந்த மாதிரிப் போட்டுடுங்கம்மா," என்றாள் காஜாக்காரி.

அதிகாரியம்மா கணினியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போட முடியாதேம்மா. ஒவ்வொரு மறு ஆய்வுலயும், நிலை தேறி வருகிறதுன்னு பதிவாகியிருக்கு."

"யாரு சொன்னது?"

"இவங்க அப்பாதான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மறு ஆய்வுக்கு வரச்சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் அடுப்புக்காரர் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில் சொல்லிவந்தார். போன தடவைக்கு இப்போது தேவலைங்க. கை நல்லாப் பதியுதுங்க. எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டே போனார்கள். இத்தனை ஆண்டுகளாக அவர் சொன்ன நல்ல வார்த்தை எல்லாம் சேர்ந்து இன்றைக்கு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

குழு முன்னால் இன்னொரு தடவை காட்டிப் பார்க்கலாம் என்று அதிகாரியம்மா நாள் குறித்துக் கொடுத்தாள். ஒருமுறை நின்ற பென்ஷனைத் திரும்ப வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று காஜாக்காரிக்குத் தெரியும். ஆனாலும் பெண்ணைப் போகவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கோபத்தையெல்லாம் புருஷன் பக்கம் திருப்பினாள். பீற்றிக்கொள்ளாமல் இருந்திருக்கக் கூடாதா, ஆபீஸில் போயா மகள் பெருமை பேசுவது என்று காஜா எடுக்கிற ஊசி நின்றால் வாயும், வாய் நின்றால் ஊசியுமாகப் பொரிந்துகொண்டிருந்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். பேச்சுக்குப் பேச்சு எதிர்ப்பேச்சு வைத்திருக்கிற மனிதர் அவர்.

முதல்நாள் சாயங்காலம் தயங்கித் தயங்கி மகளிடம் வந்தார்.

"பாப்பா, நாளைக்குக் கையில ஒரு மெஷினைக் கொடுத்து அமுக்கச் சொல்வாங்களாம். ரொம்ப அமுக்காதே."

"ஏம்ப்பா?"

"சும்மாதான். தளர்வா இருக்கட்டும்."

"இருக்கறதை இல்லைன்னு நடிக்கச் சொல்றீங்களா? எடையில ஒரு துளி குறைஞ்சாலே ரொட்டியை விக்க விடமாட்டீங்க நீங்க."

"பென்ஷனுக்காகத்தான் பாப்பா."

"பொய் சொல்லி வாங்கின காசுல நான் படிக்கணுமா? என் கை தேறிட்டுத்தான் வருது. தேறுதுன்னே சொல்லுவேன். அதுக்காகக் கிடைக்கலைன்னா போகலை, அவ்வளவுதான்."

இப்படி ஒரு பெண்ணை வளர்த்ததும் அவர்தான். யாரிடம் போய்ச் சொல்வது. வெளியே போய்த் தெருக்குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

குழு என்று பெயர்தானே ஒழிய, அறையில் இருந்தது ஒரு டாக்டரும் அதே அதிகாரியம்மாவும்தான். ஜன்னலை மூடியே வைத்திருந்தார்கள். சுவரில் கை எலும்புகளின் படம். டாக்டர் ஒரு பிடி வைத்த கருவியைப் பாப்பாவிடம் கொடுத்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் நடுங்க, உள்ளதை எல்லாம் திரட்டி அமுக்கினாள். முள் கொஞ்சம் ஏறி நின்றது. டாக்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பயிற்சி ஏதாவது செய்யறீங்களாம்மா?"

"தினமும் செய்யறேன் டாக்டர். ரொட்டி மாவு பிசைவேன். நடுவுல கொஞ்ச நாள் அழுத்தவே முடியாம இருந்துச்சு. இப்ப உள்ள வரைக்கும் விரல் இறங்குது."

"எவ்வளவு காலமா இந்த முன்னேற்றம்?"

"வருஷக்கணக்கா. கொஞ்சம் கொஞ்சமா."

டாக்டர் பேனாவை எடுத்தார். வலு குறைவுதான், ஆனால் பழைய பதிவும் தேறுகிறது என்கிறது, இவர்களும் அதையே சொல்கிறார்கள், இதை நிரந்தரம் என்று எழுத வழியில்லை என்று அதிகாரியம்மாவைப் பார்த்துச் சொன்னார். காஜாக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அடுப்புக்காரர் எழுந்து நின்றார்.

"பாப்பா, கொஞ்சம் வெளியில இரும்மா."

அதிகாரியம்மா குறுக்கிட்டாள். விண்ணப்பம் மகளுடையது, அவள் இல்லாமல் எதையும் கேட்டுப் பதிவு செய்ய முடியாது என்றாள். அடுப்புக்காரர் அந்த அம்மாவைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். மகளை மட்டும் பார்க்கவில்லை.

"அவ சொன்னது நிஜம்தாங்க. ஆனா தேறினது கை இல்ல. மாவு."

"புரியலை," என்றார் டாக்டர்.

"மாவு போடறது நான்தானுங்களே. மொதல்ல கடை மாவையேதான் கொடுத்துக்கிட்டிருந்தேன். ஒருநாள் அமுக்கிப் பார்த்துட்டு, முடியலைப்பான்னா. அன்னிக்கு அவ மொகத்தைப் பார்க்க முடியலைங்க. மறுநாள் ஒரு கை தண்ணி சேர்த்துப் பிசைஞ்சேன். விரல் பதிஞ்சிடுச்சு. சிரிச்சா. அப்புறம் கை தளரத் தளரத் தண்ணியைக் கூட்டிக்கிட்டே வந்தேன். இப்ப அது மாவே இல்லைங்க. அடுப்புல வெச்சா நிக்காது, ஓடிடும்."

அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"வீட்லயும் அப்படித்தான். டப்பா மூடியெல்லாம் காலையில எழுந்ததும் தளர்த்தி வெச்சிட்டுத்தான் வேலைக்குப் போவேன். சட்டையில பட்டன் போட முடியாமப் போச்சு. இப்ப அமுக்கற பட்டன்தான் நாகரிகம்னு சொல்லி அவ அம்மாவை அதையே தைக்கச் சொன்னேன். இவ நோயைப் பார்த்த பெரிய டாக்டர் அப்பவே சொல்லிட்டாருங்க. இது தேறாது, வருஷத்துக்கு வருஷம் தளர்ந்துக்கிட்டேதான் போகும்னு. என்கிட்ட மட்டும்தான் சொன்னார். நான் யார்கிட்டயும் சொல்லலை. ஆபீஸ்ல வந்து தேறுது தேறுதுன்னு சொன்னது உங்களுக்கு இல்லைங்க. பக்கத்துல அவ இருந்தா."

பாப்பா குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை அமுக்குகிற பட்டன்கள். அதில் ஒன்றைத் தொட்டாள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் அந்தப் பெரிய டாக்டரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவரிடம் பேசி உறுதி செய்துகொள்கிறேன், சொன்னது சரியாக இருந்தால் தடை இருக்காது என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். நல்ல செய்தி அது. அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

திரும்பும் பேருந்தில் மூவருக்கும் ஒரே வரிசையில் இடம் கிடைத்தும் அவர் பின்னால் போய் நின்றுகொண்டார். வீட்டுக்கு வந்ததும் காஜாக்காரி புருஷனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் பெத்தவ இல்லையா?"

அவர் வாய் திறப்பதற்குள் உள்ளே போய்ச் சட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் பல நாள் அவரிடம் பேசவில்லை. சாப்பாடு தட்டில் வந்தது, வார்த்தை வரவில்லை.

பாப்பா கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். சமையலறையில் ஒரு டப்பாவை எடுத்து மூடியைத் திருப்பிப் பார்த்தாள். சுலபமாகத் திறந்தது. அதைப் பார்த்தபடியே பேசினாள்.

"எனக்கு நீங்க கீபோர்டு வாங்கித் தரேன்னு சொன்னது ஞாபகம் இருக்காப்பா? பள்ளிக்கூடத்துல படிக்கும்போது."

"இருக்கு பாப்பா."

"கை இன்னும் கொஞ்சம் தேறட்டும், அப்புறம் கத்துக்கறேன்னு சொன்னேன். நீங்களும் சரின்னுட்டீங்க."

அவள் டப்பாவை இன்னும் கீழே வைக்கவில்லை.

"கை நல்லா இருந்த காலமே அதுதான்னு எனக்குத் தெரியாமப் போச்சேப்பா. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வாசிச்சிருப்பேனே."

அன்பினால் செய்தேன் என்று சொல்லலாம். சொன்னால் மட்டும் போன வருஷங்கள் திரும்பி வந்துவிடுமா. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் மூடியைத் திரும்பப் போட்டு, முடிந்த அளவு இறுக்கி, அலமாரியில் வைத்தாள். அந்த இறுக்கம் எவ்வளவு என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும்.

பென்ஷன் கூடவே வரும் என்று அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. தெருவில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு பெட்டி வாங்கினார்கள், குளிருக்கான துணி வாங்கினார்கள். காஜாக்காரி மகளுக்குப் புதுச்சட்டைகள் தைத்து எல்லாவற்றுக்கும் அமுக்குகிற பட்டனே வைத்தாள். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுத் தானே கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். பாப்பா கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். ஓரப் பலகையில் ஈரத்துணிக்கு அடியில் மாவு தினமும் காத்திருந்து, புளித்து, கடை மூடும்போது குப்பைக்குப் போனது. உப்பண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கிளம்புகிற அன்று மத்தியானம் வந்தாள். மூட்டைமேல் உட்கார்ந்தாள். அடுப்புக்காரர் பரபரவென்று ஈரத்துணியைத் தூக்கப் போனார்.

"அது வேண்டாம். அண்ணே, தொட்டியிலேர்ந்து கொஞ்சம் கொடுங்க," என்றாள் உப்பண்ணனிடம்.

உப்பண்ணன் அடுப்புக்காரரைப் பார்த்தார். அவர் தடுக்காததால் தொட்டி மாவில் ஒரு கைப்பிடி வெட்டி அவள் மடிப்பலகையில் வைத்தார். அன்றைய ரொட்டிக்குப் போட்ட மாவு, கெட்டியாக, மினுமினுப்பாக இருந்தது. பாப்பா இரண்டு கையையும் அதன்மேல் வைத்து அமுக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கையை எடுத்தபோது மாவில் அங்கங்கே லேசான பள்ளம் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாவு மெல்ல எழும்பி அந்தப் பள்ளங்களும் மறைந்துபோயின.

அடுப்புக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். மறுபடியும் அமுக்கினாள். மறுபடியும் மாவு எழும்பியது. போதும் என்று தோன்றும்வரை அப்படியே செய்தாள். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். குழு அறையில் நடந்ததற்குப் பிறகு அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"போய்ட்டு வரேம்ப்பா," என்றாள்.

அவர் முகத்தைத் துடைத்தார். துடைத்த கையில் மாவு இருந்ததால் முகமெல்லாம் வெள்ளையானது. பாப்பா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது.

அவள் போய் இப்போது இரண்டாவது குளிர்காலம். படிப்பில் அங்கேயும் முதல் இடம் என்று கேள்வி. கூட இருக்கிற உதவிக்காரத் தமிழ்ப் பெண் அடிக்கடி காஜாக்காரியிடம் போனில் தனியாகப் பேசுவாள். எழுதுவதை நிறுத்தி நாளாகிவிட்டது, பாப்பா சொல்லச்சொல்ல இவள்தான் எழுதுகிறாள். இப்போது கரண்டியும் பிடிக்க முடிவதில்லை. போனைக்கூட இவள்தான் காதருகில் பிடித்துக்கொள்கிறாள். அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று பாப்பா கேட்டுக்கொண்டாளாம். காஜாக்காரி புருஷனிடம் சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் இனிமேல் ஒருவருக்குத் தெரிந்து ஒருவருக்குத் தெரியாத விஷயம் இருக்கக்கூடாது என்று அவள் முடிவெடுத்து வெகுநாளாகிறது.

பாப்பா விடுமுறை நாளில் அப்பாவோடு பேசுவாள். மத்தியான இளைப்பாறலில் கடைக்கே போன் வரும். சாப்பிட்டீங்களா, முதுகு வலி எப்படி, உப்பண்ணன் உப்புப் போடுகிறாரா என்று கேட்பாள். அவர் மழை, வெயில், முதலாளியின் கஞ்சத்தனம் எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில்தான் அதைக் கேட்பார்.

"கை எப்படி இருக்கு பாப்பா?"

"போன மாசத்துக்கு இப்பத் தேவலைப்பா. விரல் நல்லாப் பதியுது."

ஒவ்வொரு தடவையும் அதே பதில். குரலில் கொஞ்சமும் தடுமாற்றம் இருக்காது. எங்கே கற்றுக்கொண்டாள் என்று அவர் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

"அப்படியா. ரொம்ப நல்லது பாப்பா," என்பார்.

போனை வைத்துவிட்டு அச்சுகளைச் சுரண்டப் போவார். உப்பண்ணன் தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, பாப்பா என்ன சொல்கிறாள் என்று விசாரிப்பார்.

"கை தேறி வருதாம்," என்பார் அடுப்புக்காரர்.

"நல்லதுண்ணே," என்று சொல்லிவிட்டு உப்பண்ணன் தொட்டிப்பக்கம் போய்விடுவார்.